களை எடுக்காதீங்க என்று சொன்னேன்

நான் களை அறிவியல் படித்தவள். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். முதுநிலைப் படிப்பில் சேரும்போது நான் கேட்டது பயிர் மரபியல். என் முறை வந்தபோது அதில் இடம் நிரம்பியிருந்தது. உழவியல் இருந்தது. அதில் எனக்குக் கிடைத்த வழிகாட்டி களைகளை ஆராய்பவர். அவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. கொடுத்ததைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்பதுதான் அப்போதும் இப்போதும் என் குணம். சரியாகச் செய்தேனா என்று பிறகு பலமுறை திரும்பிப் பார்ப்பதும் அதே குணத்தின் இன்னொரு பக்கம்.

முதல் வருடம் முழுக்கத் தொட்டிகளில் களை வளர்த்தேன். மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் களை நன்றாக வளர்ந்திருக்க வேண்டும். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அம்மா ஒருமுறை விடுதிக்கு வந்திருந்தபோது தொட்டிகளைக் காட்டினேன். குனிந்து ஒரு தொட்டியின் புல்லைத் தடவிப் பார்த்தாள்.

"இதுங்களுக்கா தண்ணி ஊத்தற? நம்ம நெலத்துல இத புடுங்கறதுக்கு ஆள் கெடைக்காம உங்கப்பா தெருத்தெருவா அலையறாரு."

"படிப்பும்மா."

"படி, படி. நம்ம நெலத்துலயும் வந்து படி. ஒரு ஏக்கரா கெடக்குது."

எங்கள் ஊர் மலைக்குக் கீழே இருக்கிறது. நிலக்கடலையும் கொஞ்சம் நெல்லும் போடுகிற ஊர். அம்மா சொன்னதில் பொய் இல்லை. களை எடுக்க ஆள் வராத வருடங்களில் நிலக்கடலை எது, புல் எது என்று தெரியாது. அதனால் என் படிப்பில் ஒரு நியாயம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆய்வுகளில் ஒரு விதி உண்டு. நிலத்தைச் சம அளவுப் பாத்திகளாகப் பிரிப்போம். ஒன்றில் ஒரு மருந்து, இன்னொன்றில் வேறு மருந்து, வேறொன்றில் கையால் களை எடுப்பது. கடைசியாக, ஒன்றுமே செய்யாமல் விடும் பாத்தி ஒன்று இருக்கும். அதில் களை தன் விருப்பத்துக்கு வளர வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்ற பாத்திகளில் எவ்வளவு களை குறைந்தது என்று சொல்ல முடியும். அந்தப் பாத்தி கெட்டால் மற்றவற்றை அளந்து பயனில்லை. "ஒண்ணும் செய்யாத பாத்தியைக் காப்பாத்துறதுதாம்மா கஷ்டம்" என்று வழிகாட்டி சார் முதல் நாளே சொன்னார். யாருக்காவது கை பரபரக்கும், போகிற போக்கில் நாலு செடியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்றார்.

முனைவர் பட்டத்துக்கு நடுவில் கல்யாணம் ஆனது. ஆய்வேட்டை முடிக்கும் நேரத்தில் மகள் வயிற்றில் இருந்தாள். மருந்து வைத்திருக்கும் அறைக்குள் போவதை நிறுத்தினேன். நிறுத்துவதற்கு முன்னால் போன நாட்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பிறந்தபோது விரல்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று செவிலியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுக் குழந்தையின் கையை விரித்துக் காட்டினார். அப்போதுகூட எனக்கு நிம்மதி என்று ஒன்று வந்ததாக நினைவில்லை. ஒரு வேலை முடிந்தது போல இருந்தது.

பிறகு இந்த மலை வேலை கிடைத்தது. ஜவ்வாது மலையில் சாமைக்கு ஏற்ற களைக்கொல்லி எது என்று பார்க்கும் திட்டம். ஒப்பந்த வேலைதான், ஒவ்வொரு வருடமும் ஆய்வு முடிவைக் குழுவின் முன் வைக்க வேண்டும், அவர்கள் நீட்டித்தால்தான் அடுத்த வருடம். ஜமுனாமரத்தூரில் கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்தோம். கணவருக்குத் திருப்பத்தூரில் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி வருவார், திங்கள் விடியற்காலை இறங்கிப் போவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வந்து தங்கினாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தினமும் சொன்னாள், ஆனால் போகவில்லை.

சோதனை நிலம் ஊரிலிருந்து ஸ்கூட்டரில் போகிற தூரத்தில், புளியமரங்கள் தாண்டி ஒரு சரிவில் இருந்தது. நிலத்துக்காரர் மலைக்காரர். அவருடைய மனைவிதான் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவார், உடனே நீ, வா, போ என்பார். இரண்டும் அவருக்கு ஒன்றுக்கொன்று இடிக்கவில்லை. "மேடம், நீ துன்னியா இல்லியா, மூஞ்சி ஏன் இப்டி கெடக்குது" என்பார்.

விதைத்த பிறகு பாத்திகளின் மூலைகளில் முளைக்குச்சி அடித்தோம். ஒவ்வொரு முறையையும் மூன்று பாத்திகளில் செய்து பார்ப்பது வழக்கம் என்பதால், ஒன்றும் செய்யாத பாத்தியும் மூன்று இடங்களில் வந்தது. அவற்றின் முளைகளில் சிவப்புத் துணி கட்டினேன். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"அக்கா, இந்தச் சிவப்புத் துணி இருக்கிற பாத்தியில களை எடுக்காதீங்க. எவ்ளோ மொளைச்சாலும் அப்டியே வுட்ருங்க."

"ஊரு சிரிக்கும் மேடம். இன்னா இவ நெலத்த இப்டி போட்டு வெச்சிக்கிறான்னு."

"கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீ சொன்னன்னு சொன்னா இன்னும் சிரிக்கும்." பிறகு, "சரி வுடு. களை எடுக்கல. போதுமா?" என்றார்.

அவர் சொன்னதைக் காப்பாற்றினார். மழை நன்றாகப் பெய்த வருடம் அது. சிவப்புத் துணிப் பாத்திகளில் புல்லும் பண்ணைக்கீரையும் சாமையை மூடிக்கொண்டு வளர்ந்தன. நான் போகும்போதெல்லாம் அவற்றைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். வேறு எந்த விவசாயப் பெண்ணும் என் இடத்தில் நின்று அப்படித் திருப்திப்பட்டிருக்க மாட்டாள்.

மகளுக்கு அப்போது சோறு பிசைந்து கொடுக்க ஆரம்பித்திருந்தோம். எடை சரியாக ஏறவில்லை என்று அங்கன்வாடியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். நான் அதை வீட்டுக்கு எடுத்து வந்து இரவும் பகலும் வைத்துக்கொண்டேன். தாய்ப்பால் போதவில்லையா, நான் வெயிலில் திரிவதாலா, என் உடம்பில் ஏதாவது ஏறியிருக்கிறதா. மருந்து தெளிக்கும் நாட்களில் நான் தெளிப்பதில்லை, கூலிக்கு ஆள் உண்டு. நான் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்பேன். அப்படியும் வீட்டுக்கு வந்ததும் பின்பக்கமாகப் போய்த் துணி மாற்றி, தலைக்கு ஊற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்குவேன். அவள் அதுவரை அழுதுகொண்டிருப்பாள். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "உங்கம்மா குளிக்கறா, குளிக்கறா, மலையே கரையற மாதிரி குளிக்கறா" என்று அவளுக்குப் பாட்டுப் போலச் சொல்வாள்.

ஒரு நாள் காலை, முளைத்த களைகளின் மேல் தெளிக்கும் மருந்தை அடித்து முடித்தோம். மறுநாள் வாரச்சந்தை. நான் நிலத்துக்குப் போகவில்லை. அலுவலகத்தில் மண் மாதிரிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மதியம் பால் கொடுக்க வீட்டுக்கு வந்தேன். மகள் தரையில் உட்கார்ந்து ஒரு மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாயைச் சுற்றிப் பச்சையாக இருந்தது.

"இன்னிக்கு ஒரு கிண்ணம் துன்னுட்டா," என்றாள் அம்மா. அவள் முகத்தில் வெற்றி இருந்தது. "துப்பவே இல்ல. கீரையும் பருப்பும் போட்டுப் பெசஞ்சேன். இன்னும் குடுன்னு வாயத் தொறக்கறா."

"கீரை ஏது?"

"உன் நெலத்துக்காரம்மா குடுத்துட்டுப் போனாங்க. சந்தைக்கு வந்தாங்களாம். பாப்பாவுக்கு எட ஏறலன்னு நீ சொன்னியாமே. பண்ணைக்கீரை, எப்டி கொழுகொழுன்னு இருக்குது பாரு."

"எந்த நெலத்துலருந்து?"

"உன் நெலத்துலருந்துதான். வேற எங்க?"

சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். முறத்தில் மிச்சக் கீரை இருந்தது. நுனி நுனியாகக் கிள்ளியது, இளசாக இருந்தது. ஒரு கிளையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பார்த்தால் தெரியாது என்று எனக்குத் தெரியும். நாங்கள் அடித்த மருந்து பட்ட செடி ஒரு வாரத்துக்கு ஒன்றும் காட்டாது. பச்சையாகவே நிற்கும். பிறகுதான் குருத்து மஞ்சளாகும். முனைவர் படிப்பின்போது இதை நானே இளநிலை மாணவர்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இருந்தும் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மேசை மேல் ஏறி, அலமாரிக்கு மேலே வைத்திருந்த பையிலிருந்து மருந்தின் துண்டுப் பிரசுரத்தை எடுத்தேன். அதில் காத்திருப்புக் காலம் என்று ஓர் இடம் உண்டு. தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பது. நெல்லுக்குப் போட்டிருந்தது. களைக்குப் போடவில்லை. களையை யாரும் சாப்பிடுவதில்லை என்று அச்சடித்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். நானும் அத்தனை வருடம் அதை நினைக்காமல்தான் படித்திருக்கிறேன். பண்ணைக்கீரையை நான் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தவள். அதன் அறிவியல் பெயரின் கீழே 'அகன்ற இலைக் களை' என்று எழுதிய நாளிலிருந்து இரண்டும் ஒரே செடி என்பது என் மனதிலிருந்து எங்கோ விலகிப் போயிருந்தது.

கணக்குப் போட்டேன். ஏக்கருக்கு அடித்த மருந்து, ஒரு கைப்பிடி இலையில் படிந்திருக்கக்கூடியது, கழுவியதில் போனது, வேகவைத்ததில் போனது, குழந்தையின் எடை. கணக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னது. மறுபடி போட்டேன். அதே விடை. வேறொரு தாய் வந்து கேட்டிருந்தால் பயப்படாதீர்கள் என்று அனுப்பியிருப்பேன். ஆனால் அந்தக் கணக்கில் நான் எடுத்துக்கொண்ட அளவுகள் வளர்ந்தவர்களுக்கானவை. பல்லே சரியாக முளைக்காதவளுக்கு யார் அளந்து வைத்திருக்கிறார்கள்?

அம்மா வாசற்படியில் நின்றாள். "இன்னாடி ஆச்சி?"

"நேத்து மருந்து அடிச்சோம்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்புறம், "நான் நாலு தண்ணி கழுவினேன்" என்றாள். அதையே இன்னொரு முறை சொன்னாள். நான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். சந்தை நாள், கூட்டம். நான் என் குரலையே கேட்டுக்கொண்டு செவிலியரிடம் விவரம் சொன்னேன்; மருந்தின் பெயர், அளவு, எப்போது தெளித்தது, எப்போது சாப்பிட்டாள். வகுப்பில் பேசுவது போல இருந்தது. அவர் குழந்தையின் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அவள் அவருடைய பேனாவைப் பிடுங்கினாள்.

"நல்லாத்தானே இருக்குது பாப்பா. வாந்தி, பேதி இருக்குதா?"

"இல்லீங்க."

"மருந்து பட்ட கீரைதானா, கன்ஃபார்மா தெரியுமா?"

"தெரியலீங்க."

"அத மொதல்ல தெரிஞ்சிக்கினு வாங்க. பாட்டி இங்கயே ஒக்காரட்டும், டாக்டர் வந்ததும் நான் காட்டறேன். பால் குடுத்துட்டுப் போங்க."

மூலையில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவள் குடித்தாள். நான் அவள் நெற்றியையே பார்த்தேன். அவள் உடம்பு என் மேல் சூடாக இருந்தது தெரிந்தது, ஆனால் அது தூரத்தில் யாருக்கோ நடப்பது போல இருந்தது. முடித்ததும் அவளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அக்காவிடம் போன் இருக்கிறது, ஆனால் அவர் வீட்டுப்பக்கம் சிக்னல் கிடையாது. நேரில்தான் போக வேண்டும். வழியில்தான் அது எனக்கு உறைத்தது. அந்த நிலத்தில் பண்ணைக்கீரை இரண்டு வகையான இடங்களில்தான் இருந்தது. மருந்து அடித்த பாத்திகளில் இருந்தது, ஏனென்றால் அது இன்னும் சாகவில்லை. ஒன்றும் செய்யாத பாத்திகளில் இருந்தது. அக்கா மருந்துப் பாத்தியில் கிள்ளியிருந்தால் என் மகள் மருந்தைச் சாப்பிட்டிருக்கிறாள். சிவப்புத் துணிப் பாத்தியில் கிள்ளியிருந்தால் என் மகளுக்கு ஒன்றுமில்லை, என் ஆய்வு போயிற்று. அந்த வருடத்து வேலையும், அதை வைத்து நீட்டிக்க வேண்டிய வேலையும்.

ஆய்வு போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். வேண்டிக்கொண்டேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அந்த வாக்கியம் மனதில் ஓடியது, அவ்வளவுதான். பயமோ அழுகையோ வரவில்லை. எதிரே வந்த ஜீப்புக்கு ஒழுங்காக வழி விட்டேன்.

அக்கா சந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். வீட்டின் முன்னால் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"வா மேடம். பாப்பா துன்னுச்சா?"

"அக்கா, கீரைய எங்க கிள்னீங்க?"

"நெலத்துலதான்."

"எந்தப் பாத்தியில?"

"எந்தப் பாத்தின்னா... அங்கதான், கீர இருக்கற எடத்துல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன்? இன்னா ஆச்சி பாப்பாவுக்கு?"

"ஒண்ணும் ஆகல. நேத்து மருந்து அடிச்சோம் இல்ல. அந்தப் பாத்தியில கிள்ளினீங்களான்னு தெரியணும்."

அவர் தழையைக் கீழே போட்டார். "நான் உன் கொழந்திக்கி வெஷம் குடுப்பனா?"

"அப்டிச் சொல்லலக்கா."

"அப்டித்தான் சொல்ற. வேற எப்டி சொல்ற?"

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் சரிவில் இறங்கினார். போகும்போது திரும்பாமலே சொன்னார். "செவப்புத் துணி கட்னதுலதான் கிள்ளனேன். அங்கதான் பொதரு மாதிரி கெடந்துச்சி. மூணுலயும் கிள்ளனேன். ஒன்னுல கிள்ளனா எத்தினி கெடைக்கும்?"

"அதுல களை எடுக்காதீங்கன்னு சொன்னேனேக்கா."

அவர் நின்றுவிட்டார். "களை எடுத்தனா? வேரோட ஒன்னு புடுங்கி இருந்தா காட்டு. புல்லத் தொட்டனா? நீ சொன்னன்னு ஊரு சிரிச்சாலும் அப்டியே வுட்டு வெச்சிக்கிறேன். நான் கிள்ளனது கீர."

அவர் சொன்னது உண்மை. ஒரு புல்லைக்கூட அவர் பிடுங்கியிருக்கவில்லை. நான் சொன்ன வார்த்தையை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியிருந்தார். முதல் சிவப்புத் துணிப் பாத்தியில் பாதிக்கு மேல் பண்ணைக்கீரை. எல்லாம் நுனி போய் மொட்டையாக நின்றன. நகம் பட்ட இடங்களில் சாறு காய்ந்திருந்தது. மூன்று பாத்திகளும் அப்படியே. ஒன்று கெட்டிருந்தால் மற்ற இரண்டை வைத்து மதிப்பிட்டுக்கொள்ள வழி உண்டு. மூன்றும் போனால் எதுவுமில்லை.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் நான் அங்கே நிற்கவில்லை. மருந்து அடித்த பாத்திகளுக்குள் குனிந்து இறங்கினேன். வரிசை வரிசையாக ஒவ்வொரு பண்ணைக்கீரைச் செடியின் நுனியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனேன். அக்கா முதலில் வரப்பில் நின்று பார்த்தார். பிறகு அவரும் இன்னொரு பக்கத்திலிருந்து இறங்கிப் பார்த்தார். மேகம் கீழே இறங்கி எதிர்ச்சரிவு மறைந்தது.

ஒரே ஒரு செடி நுனி இல்லாமல் இருந்தது. சிவப்புத் துணிப் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தியில், ஓரத்தில்.

"இது?"

அவர் குனிந்து பார்த்தார். "இது ஆடு. நார் நாரா பிஞ்சிக்கிது பாரு. நகத்துல கிள்ளனா இப்டி இருக்காது."

இருக்காதுதான். மற்ற நூறு செடிகளின் நுனியையும் பார்த்தவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. ஆனாலும் அந்தச் செடியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மேட்டுக்கு ஏறி, சிக்னல் கிடைக்கும் பாறையருகே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னா பண்றா?"

"தூங்கறா. டாக்டரம்மா பாத்தாங்க. ஒன்னியும் இல்லன்னுட்டாங்க. எதுக்கும் இன்னிக்கு ராத்திரி பாத்துக்கோங்கன்னாங்க. நீ கண்டுபுடிச்சியா?"

"மருந்து படாத கீரைதாம்மா."

அம்மா அந்தப் பக்கம் அழுதாள். நான் அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, "அம்மா, நாந்தான் குடுத்தேன், நீ அழாத. உம்பொண்ணு வந்து என்ன கோர்ட்ல நிறுத்தற மாதிரி கேட்டா" என்றார். அம்மா என்ன சொன்னாளோ, அவர் சிரித்தார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார். "அப்ப மருந்து அடிச்சா எத்தினி நாள் கழிச்சி கீர கிள்ளலாம்? எங்க வூட்டுக்காரு அடுத்த வருசம் நெலம் பூரா அடிச்சிரலாம்னு சொல்லிக்கினு இருக்கறாரு."

நான் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவளாக இருக்க வேண்டும். அதற்குத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள், இந்த மலைக்கு அனுப்பினார்கள்.

"தெரியலக்கா."

"உனக்கே தெரியலன்னா?"

"யாரும் பார்த்ததில்ல."

அவர் அதை நம்பவில்லை. நான் ஏதோ கோபத்தில் சொல்லாமல் விடுகிறேன் என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது.

அன்று மாலை வழிகாட்டி சாருக்குச் சொன்னேன். இப்போதும் திட்டத்துக்குத் தலைவர் அவர்தான். குழந்தையைப் பற்றி முதலில் கேட்டார். சொன்னேன்.

"மூணு பாத்தியும் போச்சா?"

"ஆமா சார்."

"சரி. மாடு மேஞ்சிடுச்சுன்னு போட்ரும்மா."

"மாடு மேயல சார்."

"தெரியும்மா. எல்லாரும் அதத்தான் போடுவாங்க. மாடுன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. மனுசங்க கிள்ளினாங்கன்னா, நீ நிலத்தப் பாத்துக்கலன்னு வரும். உன் நீட்டிப்பு இருக்குல்ல."

யோசிக்கிறேன் சார் என்றேன். யோசித்தேன். மாடு என்று எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை. அக்காவின் பெயரும் வராது. கீரை என்று எழுதினால் என் கவனக்குறைவு, என் குழந்தை சாப்பிட்டது, எல்லாம் கேள்வியாக வரும். வேலை போனால் கணவருடைய சம்பளம் மட்டும். ஆனால் மாடு என்று எழுதினால் அக்கா கேட்டது எங்கேயும் இருக்காது. அடுத்த வருடம் அவர் வீட்டுக்காரர் நிலம் முழுக்க அடிப்பார், அந்த வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், கீரை ஒரு வாரம் பச்சையாகவே நிற்கும். சனிக்கிழமை வந்த கணவரிடம் கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ" என்றார். எனக்கு எதுவும் சரியாகப் படாததால்தான் அவரைக் கேட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் அவளுடைய ஒவ்வொரு தும்மலையும் கவனித்தேன். பிறகு கவனிப்பது குறைந்தது என்று சொல்ல ஆசைதான்.

அறுவடை முடிந்து குழுவின் கூட்டம் கீழே நகரத்தில் நடந்தது. என் முறை வந்தபோது திரையில் போட்டேன்: ஒன்றும் செய்யாத பாத்திகளில் பண்ணைக்கீரை உணவுக்காகப் பறிக்கப்பட்டது, ஒப்பீடு இயலவில்லை. அதற்கு அடுத்த வரியில், தெளித்த நிலத்தில் கீரையாக உண்ணப்படும் களைகளில் மருந்து எவ்வளவு நாள் தங்குகிறது என்று பார்க்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தேன். சார் என்னைப் பார்க்கவில்லை.

தலைமையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "பறிச்சதோட எடை எடுத்தீங்களா? எடை இருந்தா சேத்துக் கணக்குப் போட்டிருக்கலாமே."

"இல்லைங்க சார். சமைச்சிட்டோம்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்தது. நல்ல மனிதர்தான். களையில் மருந்து எச்சம் பார்க்க இந்தத் திட்டத்தில் இடமில்லை, அதற்கு வேறு ஆய்வகம், வேறு நிதி என்று விளக்கினார். வேண்டுமானால் தனியாக எழுதிக் கேளுங்கள் என்றார். சோதனையை மறுபடி ஒரு வருடம் செய்ய நீட்டிப்பு கொடுத்தார்கள். ஒன்றும் செய்யாத பாத்திகளைச் சுற்றி வேலி போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அடுத்தவர் எழுந்து வந்தார்.

இந்த வருடம் பச்சை வலை வாங்கிக் கட்டினேன். அக்கா வந்து முளையைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டுக்கு வேலி போடுவாங்க, பயிருக்கு வேலி போடுவாங்க. களைக்கி வேலி போட்டது நீதான் மேடம்."

"ஆமாக்கா."

"நான் வரக்கூடாதுன்னுதான கட்ற?"

"உங்களுக்கு இல்லக்கா. அவங்க கேட்டாங்க."

"என்னப் பாத்ததே இல்ல, என்னப் பத்தி கேக்கறாங்களா." வலையை இழுத்து முடிச்சுப் போட்டார். இறுக்கமாகத்தான் போட்டார்.

தனியாக எழுதிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அதுவரை சொல்வதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை. அதனால் நிலத்தின் மேல்கோடியில், சோதனைக்கு வெளியே, ஒரு துண்டு நிலத்தை மருந்து படாமல் விட்டிருக்கிறேன். கீரை வேண்டுமென்றால் அங்கே மட்டும் கிள்ளுங்கள், வேறு எங்கும் வேண்டாம் என்று அக்காவிடமும் அவர் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். இந்த முறை களை என்ற சொல்லையே சொல்லவில்லை. பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சொன்னேன். எதையாவது விட்டுவிட்டேனா என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். மறுநாள் போய் இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டு வந்தேன்.

"சரி மேடம். சரி," என்றார் அவர் வீட்டுக்காரர்.

போன சந்தை நாளன்று அக்கா மறுபடி கீரை கொண்டு வந்து கொடுத்தார். மேல்கோடியில் கிள்ளியது என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். அம்மா வாங்கி உள்ளே வைத்தாள், என்னைப் பார்த்தாள். ஆய்ந்து கொடு, நான் சமைக்கிறேன் என்றேன். மகள் இப்போது ஓடுகிறாள், தானே அள்ளிச் சாப்பிடுகிறாள். கடைந்த கீரையைச் சோற்றில் போட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.